இடது முள் ஜீரோ!

போன் அலறியது.

எடுக்கிற நிலைமையில் அவள் இல்லை. ஒரு ஆம்புலன்ஸின் டேஷ்போர்டுக்கு அடியில் தலை... சீட்டுக்கு மேலே கால்... பற்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வயர்.

ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் அவளுக்குப் பெயர் வயரக்கா. லாரியோ, பஸ்ஸோ, படகோ... பேட்டரி படுத்துக்கொண்டால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போன் விடுவதாக இல்லை.

"யாருய்யா அது, உயிரை எடுக்கறது!" வயரைத் துப்பிவிட்டு எடுத்தாள்.

"ஹார்பர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பேசறேன்."

"சொல்லுங்க சார். ஜீப் மறுபடி மக்கர் பண்ணுதா?"

"ஜீப் நல்லா இருக்கு. உங்க வீட்டுக்காரர்தான் நல்லா இல்ல."

அவளுக்குப் பகீர் என்றது.

"என்ன சார் ஆச்சு அவருக்கு?!"

"அரெஸ்ட் ஆயிருக்கார். கொலை முயற்சி. சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தப் போறேன். அதுக்குள்ள பார்க்கணும்னா வாங்க."

டொக்! வைத்துவிட்டார்.

மணி ஒன்று இருபது.

அவள் மல்டிமீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். ஆம்புலன்ஸ் டிரைவர் பின்னாலேயே கத்தினார். "அக்கா! என் வண்டி?!"

"சைரன் மட்டும் வேலை செய்யும்! அடிச்சுக்கிட்டே உட்காருங்க!"

*

கம்பிகளுக்குப் பின்னால் அவள் கணவன் நின்றான். ஆறடி உயரம். குளித்துவிட்டு வந்தாலும் டீசல் வாசனை போகாது. அதனால் ஊரே அவனை டீசல் என்றுதான் கூப்பிட்டது. படகு எஞ்சின் மெக்கானிக். அவன் வயரைத் தொடமாட்டான். அவள் பிஸ்டனைத் தொடமாட்டாள். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சண்டை வராததற்குக் காரணமே அந்த ஒப்பந்தம்தான்.

"நான் அடிக்கலம்மா..." அவன் குரல் உடைந்தது. "சத்தியமா அடிக்கல!"

"கரப்பான்பூச்சி வந்தாலே என்னைத்தானே கூப்பிடுவீங்க. நீங்க எங்க ஆளை அடிக்கறது!" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"என்ன நடந்துச்சு சார்? முழுசா சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் பிரித்தார். மெலிந்த மனிதர். மீசை மட்டும் குண்டு.

"முந்தாநாள் காலைல அந்த ரெட்டை எஞ்சின் படகுல மூணு பேர். படகு முதலாளி, அவரோட மச்சினன், உங்க வீட்டுக்காரர். சர்வீஸ் பண்ணின எஞ்சின்களைச் சோதிச்சுப் பார்க்க, கரைல இருந்து கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு, ரெண்டையும் ஓட விட்டிருக்காங்க. பத்தே முக்காலுக்கு, மேல் கேபின்ல யாரோ முதலாளியோட பின்மண்டைல ஸ்பானரால ஒரு போடு... ஆள் தண்ணில!"

"ஐயோ!"

"லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். மிதந்தார். மீன்பிடிப் படகுக்காரங்க தூக்கிட்டாங்க. இன்னும் ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடக்கார். அவங்க படகு நெருங்கறப்ப ரெண்டு எஞ்சினும் ஆஃப். மச்சினனும் உங்க வீட்டுக்காரரும் மேல் தளத்துல நின்னுட்டிருந்தாங்க."

"அடிச்சது இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஸ்பானர் இவரோடது."

"படகுல இருந்த அத்தனை ஸ்பானரும் இவரோடதுதான் சார். நீங்க எடுத்து அடிச்சாலும் அது இவரோடதாத்தான் இருக்கும்!"

ஓரத்தில் நின்ற ஏட்டு களுக்கென்று சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஏட்டு இருமினார்.

"இதைக் கேளுங்கம்மா. அடி விழுந்தப்ப முதலாளியோட ஒருத்தர் மேல. ஒருத்தர் கீழ எஞ்சின் ரூம்ல. ரெண்டு பேருமே 'நான்தான் கீழ இருந்தேன்'ங்கறாங்க. ஆனா மச்சினன் வாக்குமூலம் கணக்கா இருக்கு. பத்து நாப்பதுக்கு இடது எஞ்சின் நின்னுபோச்சாம். சர்வீஸ் பண்ணின எஞ்சின் அரைமணில நின்னா? முதலாளிக்கும் மெக்கானிக்குக்கும் மேல பெரிய சண்டையாம். 'கீழ போய் புகை கிகை வருதான்னு பாரு'ன்னு முதலாளி மச்சினனை அனுப்பியிருக்கார். மச்சினன் போய் பார்த்தா இடது எஞ்சின் அசையாம நிக்குதாம். திரும்ப மேல வந்தா மாமாவைக் காணோமாம்!"

"நிக்கல சார்!" கம்பிக்குள்ளிருந்து டீசல் கத்தினான். "எஞ்சின் நிக்கவே இல்ல! சாவியைத் திருப்பி ஆஃப் பண்ற வரைக்கும் ரெண்டும் ஓடுச்சு!"

"பாருங்க, இதையேதான் ரெண்டு நாளா சொல்றார்." இன்ஸ்பெக்டர் சலித்துக்கொண்டார். "மச்சினன் ஊர்லேர்ந்து வந்து ஒரு வாரம்தான் ஆகுது. எஞ்சின்ல எது முன்னாடி, எது பின்னாடின்னே தெரியாதவர். நின்னுபோச்சுன்னு மணி நிமிஷத்தோட இட்டுக்கட்டுவாரா?"

வயரக்கா அந்த வாக்குமூலத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து நாப்பது... இடது எஞ்சின்...

"சார், அவர் இட்டுக்கட்டல."

"என்னது?!"

"நின்னுபோச்சுன்னு அவர் நிஜமாவே நினைச்சிருக்கார். என் வீட்டுக்காரரும் பொய் சொல்லல. எஞ்சின் ஓடிட்டுத்தான் இருந்திருக்கு."

"ஏம்மா, ஒரே எஞ்சின் ஓடவும் செய்யும், நிக்கவும் செய்யுமா?"

"செய்யும் சார். வாங்க, படகுலயே காட்டறேன். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் சொன்னது நடக்கலேன்னா நானே இவரைக் கோர்ட்டுக்கு நடத்திக் கூட்டிட்டு வரேன்."

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டே!" என்றான் டீசல்.

*

மணி இரண்டு இருபத்தைந்து.

படகு துறையில் கட்டிக் கிடந்தது. போலீஸ் கயிறு சுற்றி, ஏட்டு கையெழுத்துப் போட்ட காகிதம் ஒட்டி, பார்க்கவே பாவமாக இருந்தது.

மேல் கேபினில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு வட்ட டயல்கள். இடது எஞ்சினுக்கு ஒன்று. வலது எஞ்சினுக்கு ஒன்று.

"இந்த முள் எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு காட்டும் சார். ஆனா அந்த சேதி எஞ்சின்ல இருந்து நேரா வரல. எஞ்சினோட பெல்ட்ல சுத்துற ஆல்டர்னேட்டர்ல இருந்து ஒரு வயர் வழியா வருது. பேட்டரியை சார்ஜ் பண்ற மிஷின் அது."

"சரி."

"இடது எஞ்சினுக்கு ஒரு ஆல்டர்னேட்டர், வலதுக்கு ஒண்ணு. தனித்தனி பேட்டரி. இதோ இந்த ஸ்விட்சை 'தனி'ல வச்சா அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்பாங்க. இந்த முதலாளி எப்பவும் 'ரெண்டும் சேர்ந்து'ங்கறதுல வச்சிருப்பார். நான் நூறு தடவை சொல்லிட்டேன், கேட்கமாட்டார். அப்படி வச்சா என்னாகும்? பேட்டரி நிறைஞ்சதும் ஒரு ஆல்டர்னேட்டர், 'அதான் நீ இருக்கியே, நான் எதுக்கு?'ன்னு லீவு போட்டுடும். அது லீவு போட்டா முள்ளுக்கு சேதி போகாது. முள் ஜீரோவுக்கு விழுந்துடும். ஆனா எஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்!"

இன்ஸ்பெக்டரின் மீசை நிமிர்ந்தது.

"எங்க வீட்லயும் அதே கதைதான் சார்," என்றார் ஏட்டு. "என் தம்பி வேலைக்குப் போக ஆரம்பிச்சதும் என் பெரிய மச்சான்..."

"உங்க குடும்பக் கதை அப்புறம்! ஸ்டார்ட் பண்ணுங்கம்மா!"

வயரக்கா ஸ்விட்சைப் பார்த்தாள். 'ரெண்டும் சேர்ந்து'வில்தான் இருந்தது. சாவியைத் திருப்பினாள். இரண்டு எஞ்சின்களும் முனகி... திணறி... ஒருவழியாக உறுமின. படகே அதிர்ந்தது.

இரண்டு முள்ளும் ஏறின. நின்றன.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்...

ஒன்றும் விழவில்லை!

"என்னம்மா, இடது முள் ஜம்முனு நிக்குதே?" இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே முக்கால்."

வயரக்கா டயலைத் தட்டிப் பார்த்தாள். நான் நினைத்தது தப்போ? அந்த மனுஷனைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுவேனோ?

'அழுதா கரண்ட் வராது. மீட்டரை எடு' என்று தனக்குத்தானே அதட்டிக்கொண்டாள். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தாள்.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது வோல்ட்.

"அட!" என்றாள். "பேட்டரி காஞ்சுபோய் கிடக்கு! ஏட்டையா, ரெண்டு நாளா இங்க எதையாவது அணைச்சீங்களா?"

"அதெப்படிம்மா? தடயம்! எதையும் தொடக்கூடாதுன்னு ஐயா ஆர்டர். லைட், ஃபேன் எல்லாம் அப்படியே ஓட விட்டிருக்கேன்." ஏட்டு பெருமையோடு சொன்னார்.

"அதான்! பேட்டரி பசியோட இருக்கு சார். ரெண்டு ஆல்டர்னேட்டரும் மாஞ்சு மாஞ்சு வேலை செய்யுது. லீவு எங்க போடறது? மீட்டர் பதினாலைத் தாண்டணும். அப்பத்தான் முள் விழும்."

லைட்டை அணைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். மூவரும் மீட்டரையே பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

பதிமூன்று புள்ளி ஒன்று...

பதிமூன்று புள்ளி மூன்று...

பதிமூன்று புள்ளி ஆறு...

அப்புறம் ஏறவே இல்லை!

மணி மூன்று ஐந்து.

"எங்கயோ கரண்ட் போயிட்டிருக்கு..." இடுக்கி மாதிரி இருந்த இன்னொரு மீட்டரை எடுத்து, பேட்டரியிலிருந்து போன வயர்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்த்தாள். இது இல்லை... இதுவும் இல்லை... நாலாவது வயரில் பதினைந்து ஆம்பியர்! அந்த வயரைத் தடவிக்கொண்டே போனாள். சுவர்... கூரை... கேபினுக்கு மேலே!

மொட்டை வெயிலில், யார் கண்ணுக்கும் தெரியாமல், பெரிய சர்ச்லைட் ஒன்று சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது.

"ஏட்டையா!"

"அது வந்தும்மா... விடியக்காலைல காவலுக்கு நின்னேனா... இருட்டா இருந்துச்சா..."

"தடயத்தைத் தொடக்கூடாதுன்னேனே!" இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

"போடறப்பதான் தொட்டேன் ஐயா. அதுக்கப்புறம் தொடவே இல்ல!"

வயரக்கா அதை அணைத்தாள். மீட்டர் மறுபடி ஏற ஆரம்பித்தது.

பதிமூன்று புள்ளி எட்டு...

மூன்று மணி இருபது.

பதினான்கு...

பதினான்கு புள்ளி ஒன்று...

இடது முள் ஒருமுறை நடுங்கியது. இன்னொருமுறை நடுங்கியது. அப்புறம் படக்கென்று...

ஜீரோ!

"கீழ போங்க சார்! ஓடுங்க! குனிஞ்சு போங்க!"

இன்ஸ்பெக்டர் ஏணியில் பாதி இறங்கினார். 'ணங்'கென்று ஒரு சத்தம். "அம்மா!" என்று ஒரு சத்தம். சிறிது நேரம் கழித்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக மேலே வந்தார்.

"ஓடுதும்மா! இடது எஞ்சின் சும்மா கும்முனு ஓடுது!"

"மேல ரெண்டு எஞ்சினும் சேர்ந்து கத்தறப்ப எது ஓடுது, எது ஓடலேன்னு காதுக்குத் தெரியாது சார். டயலைத்தான் நம்பணும். கீழ இருந்தவருக்கு எஞ்சின் ஓடுறது தெரியும். மேல இருந்தவருக்கு அது நின்னுபோச்சுன்னு தோணும். இப்ப சொல்லுங்க... மேல இருந்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார்.

"அந்த மச்சினனைத் தூக்கிட்டு வாய்யா!"

*

மச்சினன் வந்தார். தேய்த்த சட்டை, பளபளவென்ற ஷூ. படகில் கால் வைக்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

அதற்குள் வயரக்கா ஸ்விட்சைத் 'தனி'க்கு மாற்றியிருந்தாள். இடது ஆல்டர்னேட்டருக்குத் தன் பேட்டரியைத் தானே பார்க்க வேண்டிய நிலைமை. இடது முள் எழுந்து நின்றது.

"ஒண்ணும் இல்ல சார். சின்ன ஃபார்மாலிட்டி," இன்ஸ்பெக்டர் தேனாகப் பேசினார். "அன்னைக்கு எஞ்சின் எப்படி நின்னுச்சுன்னு நீங்க காட்டணும். இந்த டயலைப் பாருங்க."

வயரக்கா சத்தமில்லாமல் ஸ்விட்சை மறுபடி 'ரெண்டும் சேர்ந்து'வுக்குத் திருப்பினாள். முள் நடுங்கியது. விழுந்தது.

"இதோ! இதோ நின்னுபோச்சு!" மச்சினன் துள்ளினார். "இப்படியேதான் சார் அன்னைக்கும்! அப்பத்தான் மாமா என்னைக் கீழ போகச் சொன்னார். போய் பார்த்தேன். இடது எஞ்சின் பொணம் மாதிரி அசையாம நின்னுட்டிருந்துச்சு."

"உங்க கண்ணால பார்த்தீங்க?"

"என் ரெண்டு கண்ணால!"

"அதே மாதிரி இப்பவும் போய் பார்த்துடலாம், வாங்க."

மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏணியில் இறங்கினார்.

ணங்!

"ஐயோ, மண்டை!"

"அடடா," என்றாள் வயரக்கா. "என் தப்பு சார். இந்த உத்தரத்துல இடிக்கும்னு சொல்லியிருக்கணும். ஆனா ஏற்கனவே கீழ வந்துட்டுப் போனவராச்சே... உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

மச்சினன் மண்டையைத் தேய்த்தபடி நிமிர்ந்தார். அவர் எதிரே இடது எஞ்சின் இடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. சூடு முகத்தில் அடித்தது.

"இது... இது ஓடுது..."

"அன்னைக்கும் ஓடுச்சு," இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். "நீங்க நிஜமா இறங்கி வந்திருந்தா பார்த்திருப்பீங்க. இந்த எஞ்சின் ரூமுக்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவையா வரீங்க. அப்ப அன்னைக்கு எங்க இருந்தீங்க? கைல என்ன இருந்துச்சு?"

மச்சினன் பளபளப்பு ஷூவோடு அப்படியே எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா என்னை ஒருநாளும் மனுஷனா மதிச்சதில்ல சார்... அன்னைக்கு முள் விழுந்ததும் 'நீ கால் வச்ச நேரம், ஓடற எஞ்சினே நின்னுபோச்சு, தரித்திரம்'னார். பக்கத்துல ஸ்பானர் கிடந்துச்சு... கண்ணு மண்ணு தெரியல... அடிச்சுட்டேன்..."

"அடப்பாவி! நிக்கவே இல்லாத எஞ்சினுக்காகவா?"

மச்சினன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வயரக்காவுக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஸ்விட்சை மட்டும் ஒழுங்காக வைத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மூன்று ஐம்பத்திரண்டு. இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போன் செய்து, ஆள் மாறிவிட்ட விஷயத்தைச் சொன்னார்.

*

ஸ்டேஷன்.

லாக்கப் திறந்தது. டீசல் வெளியே வந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் விடவில்லை.

"உங்க வீட்டுக்காரரை நான் மெச்சறேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு நாளா எவ்வளவு மிரட்டியும் 'எஞ்சின் நிக்கல'ங்கற ஒரே வார்த்தைதான். மனுஷன் அசையல!"

"அவர் சிங்கம் சார்!" வயரக்காவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "எஞ்சின் பக்கத்துல நின்னார்னா இமை கொட்டாம பார்த்துட்டிருப்பார்."

டீசல் தொண்டையைச் செருமினான்.

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். "சாட்சி வாக்குமூலம். படிக்கறேன், கையெழுத்துப் போடுங்க. 'சம்பவ நேரத்தில் நான் எஞ்சின் அறையில் விழிப்புடன் இருந்தேன். இடது எஞ்சின் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது...'"

பேனா காகிதத்தைத் தொட்டது. நின்றது.

"சார்..."

"என்ன?"

"அந்த 'விழிப்புடன்'ங்கற வார்த்தை மட்டும்... வேண்டாமே?"

இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏன்?" என்றாள் வயரக்கா.

டீசல் கால் கட்டை விரலைப் பார்த்தான். "தூங்கிட்டேன்மா. ரெண்டு எஞ்சினும் ஒரே தாளத்துல ஓடுச்சா... காத்தும் கதகதன்னு இருந்துச்சா... அப்படியே சாஞ்சுட்டேன்."

"யோவ்!" இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "அப்ப எஞ்சின் நிக்கலேன்னு எதை வச்சுய்யா அடிச்சுச் சொன்னே?!"

"ஒரு எஞ்சின் நின்னாலும் எனக்குத் தூக்கம் கலைஞ்சுடும் சார். இருபது வருஷப் பழக்கம். அன்னைக்கு யாரோ மேல சாவியைத் திருப்பி ரெண்டையும் ஆஃப் பண்ணினப்பதான் முழிச்சேன். அதுவரைக்கும் தூங்கினேன்னா ரெண்டும் ஓடியிருக்குன்னுதானே அர்த்தம்?"

"இதை ஏன்யா ரெண்டு நாளா சொல்லல?"

"வேலை நேரத்துல தூங்கறவன்னு தெரிஞ்சா யார் சார் எனக்கு வேலை குடுப்பா?"

"கொலைகாரன்னு பேர் வாங்கினா மட்டும் கூப்பிட்டுக் குடுப்பாங்களா?!" இது வயரக்கா. இந்தத் தடவை அவள் குரலைக் கேட்டு ஏட்டு இரண்டடி பின்வாங்கினார்.

"கோவிச்சுக்காதேம்மா... அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே. வா, வீட்டுக்குப் போகலாம்."

வயரக்கா மல்டிமீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாக இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்... அந்த லாக்கப் சாவி இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?"